பாரமில்லாத பழைய வான் ஐஸ் வீதியில் பின்பக்கம் வீசுகிறது: பின் பிறேக்கின் அழுத்தத்தைக் குறைப்பது சரியா?

நெய்தலூரான், ஒஸ்லோ

அனைவருக்கும் வணக்கம். 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜப்பானிய டீசல் வான் ஒன்றில், ஒஸ்லோவிலிருந்து ஹாமர், லில்லெஹாமர் பக்கத்துக் கடைகளுக்கு அரிசி, மா, மரக்கறி கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். எஞ்சின் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. இழுவை பின்சக்கரங்களில், கியர் மனுவல், முன்னுக்கு டிஸ்க் பிறேக், பின்னுக்கு டிரம் பிறேக், பிறேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி காக்கும் ஏபிஎஸ் கிடையாது. நான்கு சக்கரங்களிலும் ஆணியில்லாத குளிர்கால ரயர்கள், ஒரே வகை, தேய்மானமும் அதிகமில்லை.

போகும்போது வான் நிறையப் பாரம் இருப்பதால் எந்தச் சிக்கலும் தெரிவதில்லை. திரும்பி வரும்போதுதான் பயமாக இருக்கிறது. ஈ6 நெடுஞ்சாலையில் உப்புப் போடுவதால் அங்கே பரவாயில்லை. ஆனால் கடைகளுக்குப் பிரிந்து போகும் சிறு வீதிகளில் பனி இறுகி ஐஸாகக் கிடக்கும். அப்படியொரு இறக்கத்தில், வெறும் வானோடு வேகத்தைக் குறைக்க இரண்டாம் கியருக்கு மாற்றி, பிறேக்கையும் மெதுவாகத் தொட்டபோது, முன்பக்கம் நேராகப் போய்க்கொண்டிருக்கப் பின்பக்கம் மட்டும் வலது பக்கமாக வீசியது. எதிரே வாகனம் வராதபடியால் தப்பினேன். அதன் பிறகும் வெறும் வானில் அதே மாதிரி, அதே வலது பக்கமாகவே இழுப்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஒரு கராஜில் காட்டினேன். பின்னச்சுக்கு மேலே சட்டத்தில் பொருத்தப்பட்டு, ஒரு கம்பியால் அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும் பிறேக் அழுத்த வால்வைச் சுட்டிக்காட்டி, அந்தக் கம்பியின் நீளத்தை மாற்றினால் பின் பிறேக்குக்குப் போகும் அழுத்தம் குறைந்துவிடும், பிறகு பின்பக்கம் வீசாது என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரம் ஏற்றிய நாட்களில் அது என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவர்களிடம் தெளிவான பதில் இருக்கவில்லை. இத்தனைக்கும் அண்மையில்தான் வான் தரப்பரிசோதனையில் தேறியது. கம்பியில் கைவைக்கலாமா, அல்லது கோளாறு வேறு எங்காவது இருக்கிறதா என்று, இந்த வகை வான்களைத் திருத்திப் பழகியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கராஜ்க்காரன், துரொண்ட்ஹெய்ம்

தம்பி, அந்தக் கம்பியில் கைவைக்க வேண்டாம். ஐஸில் நடக்கும் வழுக்கலுக்கு அந்த வால்வு பெரும்பாலும் பொறுப்பாளி அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

பிறேக் பிடிக்கும்போது வாகனத்தின் எடை முன்னச்சுக்கு நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பது எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் வான் வெறுமையாக 1700 கிலோ, அதில் பின்னச்சில் 765 கிலோ, அச்சுகளுக்கு இடையே 2.4 மீற்றர், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.75 மீற்றர் உயரத்தில் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். காய்ந்த தார் வீதியில் ரயரின் பிடிப்பு எண் ஏறத்தாழ 0.8. அங்கே முழுப் பிறேக் பிடித்தால் சுமார் 425 கிலோ முன்னுக்கு நகர்ந்து, பின்னச்சில் 340 கிலோ மட்டுமே மிஞ்சும். அந்த நிலையில் பின்சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிடாதபடி காப்பதற்காகத்தான் அந்த வால்வு இருக்கிறது. ஆனால் ஈர ஐஸில் பிடிப்பு எண் 0.1 அளவுதான். அங்கே நகர்வது ஐம்பது கிலோவை ஒட்டிய எடை மட்டும். பின்னச்சில் இன்னமும் 710 கிலோ இருக்கும்.

அடுத்தது அழுத்தம். இந்த வால்வு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேலேதான் பின்பக்கத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கும். அதற்குக் கீழே முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அழுத்தம்தான் போகும். காய்ந்த வீதியில் சக்கரங்களை இறுக்க 80 பார் தேவைப்படும் வானுக்கு, ஈர ஐஸில் 10 பாரே போதும். வெறும் வானில் வால்வு முன்கூட்டியே வேலை தொடங்கும்படி அமைத்திருப்பார்கள் என்றாலும், ஐஸில் நீங்கள் மெதுவாகத் தொடும் பிறேக் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயே முடிந்துவிடும். ஆகவே கம்பியை மாற்றினால் ஐஸில் பெரிய வித்தியாசம் தெரியாது. மாறாக, ஒரு தொன் அரிசியோடு காய்ந்த நெடுஞ்சாலையில் அவசரமாக நிறுத்த வேண்டிய நாளில் பின் பிறேக் தன் பங்கைச் செய்யாமல், முன் டிஸ்க்குகள் கொதித்து, நிற்கும் தூரம் நீளும். வால்வின் நெம்புகோல் உப்பில் துருவேறி அசையாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது நல்லாக அசைந்தால் அதை அதன் பாட்டில் விட்டுவிடலாம்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்தியது இரண்டாம் கியர்தான். பின்சக்கர இழுவை வானில், எக்சிலேற்றரை விட்டதும் வேகத்தைக் குறைக்கும் எஞ்சினின் இழுப்பு முழுவதும் பின்னச்சில் மட்டுமே விழுகிறது. எக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்ட நிலையில் உங்கள் டீசல் எஞ்சின் 40 நியூட்டன் மீற்றர் அளவுக்கு எதிர்த்துப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்காம் கியரில் அது பின் ரயர்களின் அடியில் ஏறத்தாழ 500 நியூட்டனாகவும், இரண்டாம் கியரில் 1100க்கும் மேலாகவும் பெருகும். 710 கிலோ தாங்கும் பின் ரயர்கள் 0.1 பிடிப்பில் கொடுக்கக்கூடியது மொத்தமே 700 நியூட்டன். அதாவது நீங்கள் பிறேக்கைத் தொடாமலே, இரண்டாம் கியரின் இழுப்பு மட்டும் பின் ரயர்களின் பிடியை விடுவிக்கப் போதுமானது. சக்கரம் முழுதாக நிற்க வேண்டியதில்லை. வீதி ஓடும் வேகத்தைவிடக் குறைவாகச் சுழலத் தொடங்கினாலே பக்கவாட்டுப் பிடி போய்விடும், பின்பக்கம் வீசத் தொடங்கும்.

கிளச்சை மிதித்துவிட்டு அதே பிறேக்கைப் பிடித்தால் கணக்கே மாறும். முன்னுக்கு 70, பின்னுக்கு 30 என்ற பங்கீட்டில், ஐஸில் முன் ரயர்கள் தமது எல்லையை அடையும்போது பின் பிறேக் 415 நியூட்டன் அளவுதான் செலவழித்திருக்கும். பின் ரயர்களுக்கு இன்னும் இருப்பு மிச்சம். முன்சக்கரங்கள் முதலில் வழுக்கினால் வான் திரும்ப மறுக்கும், ஆனால் நேராகப் போகும். பிறேக்கைச் சற்றுத் தளர்த்தியதும் ஸ்டியரிங் திரும்பக் கைக்கு வரும். பின்சக்கரங்கள் முதலில் போனால் வான் சுழலும், அதை மீட்பது பழகியவருக்கும் கடினம். வானை வடிவமைத்தவர்கள் முன்சக்கரம் முதலில் போகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கை எஞ்சின் இழுப்பு தலைகீழாக்கிவிடுகிறது.

இனி, ஏன் எப்போதும் வலது பக்கமாக வீசுகிறது என்பது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் வலது ஓரமாக ஓடுகிறோம். வீதியின் தளம் நீர் வடிவதற்காக வலது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். பிடிப்பிழந்த பின்பக்கம் அந்தச் சரிவில் வலதாக இறங்குவது இயல்பு. ஆனால் இடது பக்கப் பின் பிறேக் வலதைவிட முன்னதாகப் பிடித்தாலும் வானின் மூக்கு இடதாகவும் பின்பக்கம் வலதாகவும் போகும். ஆகவே சமதளமான, ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்தில், 20 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில், கிளச்சை மிதித்துக்கொண்டு மெதுவாகப் பிறேக் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் வலதாகவே வீசினால் சரிவு காரணமல்ல, இடது டிரம்மைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டிரம் பிறேக்கின் தன்மை அப்படி. டிரம்மின் உட்சுவரை உரசிப் பிடிக்கும் வளைந்த பிறேக் சப்பாத்துகளில் முன்பக்கச் சப்பாத்தைச் சுழலும் டிரம்மே இன்னும் இறுக்கமாகத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால் உராய்வில் ஏற்படும் சிறு மாற்றமும் பிடிக்கும் வலுவில் பெரிய மாற்றமாகத் தெரியும். சிலிண்டரில் கசிந்த பிறேக் ஒயில், ஈரத்தில் நின்ற இரவுக்குப் பின் படிந்த மெல்லிய துரு, சப்பாத்து நகரும் பின்தட்டில் விழுந்த பள்ளம், உப்புநீர் புகுந்து இறுகிய கைப்பிறேக் கேபிள் ஆகிய எதுவும் ஒரு பக்கத்தை மற்றதைவிட முரடாக்கிவிடும். முன்னுக்கு டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரின் ஊசிகள் உப்பில் இறுகியிருந்தால் முன் பிறேக் தன் பங்கைச் செய்யாது. நீங்கள் பெடலை இன்னும் அழுத்துவீர்கள், அந்தக் கூடுதல் அழுத்தம் பின்னுக்கும் போகும். பின்பக்கம் வீசுகிறது என்று சொல்லிவரும் பழைய வான்கள் சிலவற்றில் கோளாறு முன் கலிப்பரில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தரப்பரிசோதனையில் தேறியது என்பதை வைத்து அமைதியடைய வேண்டாம். ஓர் அச்சின் பலவீனமான பக்கம் பலமான பக்கத்தின் 70 சதவீதமாவது பிடித்தால் விதிப்படி போதுமானது. சக்கரங்களைச் சுழலும் உருளைகளின் மேல் நிறுத்தி, பெடலை நன்றாக அழுத்திப் பார்க்கும் அளவு அது. ஐஸில் உங்களுக்கு வேண்டியது, பெடலைத் தொட்டுத் தொடங்கும் அந்தச் சிறு அழுத்தத்தில் நான்கு சக்கரங்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது.

அதை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் வானின் நான்கு மூலைகளையும் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், கைப்பிறேக் முழுதும் விடுவித்தபடி இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பெடலைச் சில தடவை அழுத்தி, பெடலின் வலுவைக் கூட்டும் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு ஒருவர் பெடலைக் கையால் மிக மெதுவாக அழுத்த, மற்றவர் ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான வானில் முன் டிஸ்க்குகள் முதலில் உரசத் தொடங்கும். பின் சப்பாத்துகள் தமது ஸ்பிரிங்குகளை வென்றுதான் டிரம்மைத் தொட வேண்டும் என்பதால் அவை சற்றுப் பிந்தி, இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகப் பிடிக்கும். பெடலைத் தொடாதபோதே ஒரு பின்சக்கரம் இறுக்கமாகச் சுழன்றால், அல்லது முன்சக்கரங்களுக்கு முந்திக்கொண்டு பிடித்தால், தேடுவது கிடைத்துவிட்டது. முடிவை இங்கே எழுதுங்கள்.

பனைநிலவன், எட்மன்ரன்

கராஜ்க்கார அண்ணா எழுதியதோடு, வட அமெரிக்காவின் பழைய வான்களைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன்; இங்கே ஃபோர்ட் எக்கோனொலைன், செவ்ரொலே வகை வான்களை ஓட்டுபவர்களுக்கும் இது பயன்படும்.

முன் டிஸ்க், பின் டிரம் உள்ள அமெரிக்க வான்கள் பலவற்றில், பெடலுக்குக் கீழே சட்டத்தில் பித்தளையால் செய்த ஒரு கூட்டு வால்வு இருக்கும். அதற்குள் பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி மட்டுமல்லாமல், முன் டிஸ்க்குகளைத் தொடக்கத்தில் சற்று நேரம் தடுத்துவைக்கும் பகுதியும் உண்டு. பின் சப்பாத்துகள் ஸ்பிரிங்குகளை வென்று டிரம்மைத் தொடும்வரை, சில பார் அழுத்தம் ஏறும்வரை, முன் டிஸ்க்குகள் முந்திக்கொள்ளக்கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தப் பகுதி துருவால் இறுகி, வேண்டியதைவிட நீண்ட நேரம் முன்பக்கத்தைத் தடுத்தால், ஐஸில் மெதுவாகத் தொடும் பிறேக் முழுவதும் பின்னச்சிலேயே விழும். ஆகவே நெய்தலூரான் அண்ணா கேட்ட ஜப்பானிய வானுக்குச் சொன்ன "முன்னுக்கு முதலில் உரசும்" என்ற அடையாளத்தை இந்த வால்வு உள்ள வான்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக்கூடாது. இங்கே அழுத்தமானியை முன் கலிப்பரிலும் பின் சிலிண்டரிலும் இணைத்து, இரண்டும் எப்போது ஏறத் தொடங்குகின்றன என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

1980களின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்கள் இலகுரக பாரவாகனங்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமான ஏபிஎஸ்ஸைப் பொருத்தத் தொடங்கியதற்குக் காரணமும் பாரமில்லாத பின்னச்சு முதலில் இறுகுவதுதான். பழைய வான்களில் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடியே ஓடுவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கோடையில் அதன் அருமை தெரியாது, டிசம்பரில் தெரியும். அதோடு அந்த ஏபிஎஸ் வேலை செய்தாலும் கியரின் இழுப்பை அது தடுக்காது. அது பிறேக் அழுத்தத்தை மட்டும்தான் விடுவிக்கும்.

மணல் மூட்டை வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் முதலில் தரும் ஆலோசனை அது. பின்னச்சுக்கு நேர் மேலே 120 கிலோ மணலை வைத்தால், 0.1 பிடிப்பில் பின் ரயர்களின் எல்லை 700 நியூட்டனிலிருந்து 820 அளவுக்கு உயரும். ஏறும்போதும் புறப்படும்போதும் நன்மை தெரியும். ஆனால் இரண்டாம் கியரின் 1100 நியூட்டனை அதனால் ஈடுசெய்ய முடியாது என்பது அண்ணாவின் கணக்கிலிருந்தே விளங்கும். வைப்பதானால் அச்சுக்கு மேலே வையுங்கள். பின்கதவோரம் வைத்தால் முன்னச்சின் எடை குறைந்து ஸ்டியரிங்கின் பிடி தளரும். கட்டாமல் விட்ட மூட்டை மோதலின்போது முன்னிருக்கைக்கு வந்துசேரும், ஆகவே தரையின் வளையங்களில் பட்டிகொண்டு இறுக்கிக் கட்டுங்கள்.

நெய்தலூரான், ஒஸ்லோ

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தரிப்பிடத்தில் கிளச்சை மிதித்துப் பிறேக் பிடித்தபோதும் பின்பக்கம் இலேசாக வலதாகவே போனது. ஆனால் இறக்கத்தில் நடந்ததைப் போல வேகமாக வீசவில்லை. வானை உயர்த்திப் பார்த்தபோது பின் இடது சக்கரம் பெடலைத் தொடாமலே கனமாகச் சுழன்றது. பெடலை அழுத்தத் தொடங்கியதும் முன்சக்கரங்களோடு சேர்ந்தே அதுவும் பிடித்துவிட்டது. வலது சக்கரம் நன்றாகப் பிந்தித்தான் பிடித்தது. கைப்பிறேக்கை இழுத்து விடுவித்தபோது இடது பக்கக் கேபிள் திரும்பிப் போகத் தயங்குவதையும் கண்டேன். முன் கலிப்பர்கள் இரண்டும் சீராக அசைகின்றன.

இனி எந்த ஒழுங்கில் திருத்துவது? அதுவரை ஓடவேண்டி வந்தால் எப்படி ஓட்டுவது? ஆணி ரயர் போட்டால் இந்தத் தொல்லை தீருமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

கராஜ்க்காரன், துரொண்ட்ஹெய்ம்

நல்லாகப் பார்த்திருக்கிறீர்கள், தம்பி. இடது கேபிள்தான் முதற் குற்றவாளி. ஆனால் அது நெடுநாள் சப்பாத்தை டிரம்மோடு உரசவிட்டிருப்பதால் மேற்பரப்பும் சூட்டில் பளபளத்து இறுகியிருக்கும். இரண்டு கேபிள்களையும் மாற்றுங்கள். சப்பாத்துகளை நான்காகவே மாற்ற வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக்கினால் இன்றைய தொல்லையே வேறு வடிவில் திரும்பிவரும். டிரம்மைக் கழற்றியதும் பின்தட்டில் சப்பாத்து தங்கும் மேடுகளை விரலால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் அளவு பள்ளம் இருந்தால் நிரப்பி மட்டப்படுத்தி, வெப்பம் தாங்கும் கிறீஸை மிக மெல்லிதாகப் பூச வேண்டும். சிலிண்டரின் இறப்பர் உறையை மெதுவாகத் தூக்கிப் பார்க்கும்போது உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர்களையும் இரண்டாகவே மாற்றுங்கள்.

சீர்செய்யும் ஒழுங்கில்தான் பலர் தவறுகிறார்கள். கைப்பிறேக் கேபிளை முழுதாகத் தளர்த்தி வைத்துக்கொண்டு, டிரம்முக்குள் இருக்கும் சீர்செய்கருவியால் சப்பாத்து இடைவெளியை முதலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். அது முடிந்த பிறகே கேபிளின் இறுக்கத்தை அமைக்க வேண்டும். கேபிளை இறுக்கி இடைவெளியைச் சரிக்கட்டினால் சப்பாத்து முழுதாகப் பின்வாங்காது, தானாகச் சீர்செய்யும் பொறியும் வேலை செய்யாது. உங்கள் வானில் இப்போது நடப்பதே அதுதான். வேலை முடிந்ததும் புதிய சப்பாத்து படியும்வரை காய்ந்த வீதியில் ஓட்டி, பிறகு உருளைச் சோதனை உள்ள இடமொன்றில், பெடலை மிக மெதுவாக ஏற்றச் சொல்லி, இரண்டு பின்சக்கரங்களும் எந்த இடத்தில் தொடங்குகின்றன என்பதைத் திரையில் பாருங்கள். உச்ச அளவை மட்டும் எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம்.

ஆணி ரயர் ஈர ஐஸில் பிடிப்பை உயர்த்தும், அதில் சந்தேகமில்லை. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் ஐஸின் மேல் நீர்ப்படலம் நிற்கும்போதுதான் அதன் பயன் மிகவும் தெரியும். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும், இடதுக்கும் வலதுக்கும் இடையிலான சமநிலையை அது திருத்தாது. போடுவதானால் 3500 கிலோவுக்கு உட்பட்ட வாகனத்தில் நான்கு சக்கரங்களிலும் போடவேண்டும் என்பது நோர்வேச் சட்டம். ஒஸ்லோவில் ஆணி ரயருக்குக் கட்டணமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

திருத்தும்வரை வெறும் வானோடு அந்தச் சிறு வீதிகளுக்குப் போகாமல் இருப்பதையே விரும்புவேன். இடது சக்கரம் பெடலில்லாமலே உரசும் வானை எந்த ஓட்டுத் திறமையும் முழுதாகக் காப்பாற்றாது. திருத்திய பிறகும் ஒரு பழக்கத்தை மாற்றுங்கள்: இறக்கம் தொடங்கும் முன்னரே, சமதளத்தில், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் காய்ந்த வீதியில் 12 மீற்றரில் நிற்கும் வான், ஈர ஐஸில் கிட்டத்தட்ட 100 மீற்றர் ஓடும். 30 கிலோமீற்றர் வேகத்தில் அது 35 மீற்றராகக் குறையும். நீண்ட இறக்கத்தில் எஞ்சின் இழுப்பை முற்றாக விடவும் முடியாது, ஆகவே இரண்டாம் கியருக்குப் பதிலாக மூன்றாம் கியரில் மெதுவாக இறங்கி, நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பு கிளச்சை மிதித்து, அதன் பிறகு பிறேக்கைத் தொடுங்கள். கியர் மாற்றினால் கிளச்சைச் சட்டென்று விடாமல், எக்சிலேற்றரைச் சற்றுத் தொட்டு எஞ்சின் வேகத்தை உயர்த்தியபின் விடுங்கள். பின்பக்கம் அசையத் தொடங்கினால் கிளச்சை மிதித்து, பிறேக்கை விட்டு, நீங்கள் போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

இரவில் நிறுத்தும்போது கைப்பிறேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சரிவானால் சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். புதிய கேபிளும் உறைக்குள் நீர் புகுந்தால் ஒரே இரவில் உறைந்துவிடும். உருளைச் சோதனையின் முடிவு வந்ததும் பின்சக்கரம் இரண்டினதும் தொடக்க அளவுகளை எழுதுங்கள், வால்வைப் பற்றி மேலும் பார்க்க வேண்டியிருக்கிறதா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.